பத்துப் பேர் ஜாமீன் போட்டோம். பத்துப் பேர் சேர்ந்து பருப்பு வாங்கினோமா?

திருப்பூர்ப் பக்கம் அருள்புரம் லைன் வீடுகளில் குடியிருந்து, பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய், குழு லோன் கட்டிக்கொண்டிருக்கும் அக்கா தங்கைகளுக்கு,

நானும் உங்களில் ஒருத்திதான். பதினேழு வருடமாகச் செக்கிங் மேஜையில் நிற்கிறேன். குழுக் கூட்டம் நடக்கும் சென்டரில் உங்களோடு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்களுக்காக ஜாமீன் நின்றிருக்கிறேன், எனக்காக நீங்களும் நின்றிருக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை ராத்திரி மளிகைக் கடையில் என் முன்னால் ஒரு தங்கச்சி நின்றாள். ஓவர்லாக் டைலர், ஒன்றரை ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். சம்பளக் கவரைப் பிரித்துக் குழுவுக்கு, தண்டலுக்கு, வாடகைக்கு என்று மூன்றாகப் பிரித்து மடித்தாள். மிச்சம் இருந்ததைக் கடைக்காரரிடம் கொடுத்து, "இந்த வாரம் இவ்வளவுதாங்கண்ணா, பாக்கியை நோட்டுல எழுதிக்கங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "முட்டை வேண்டாம், எடுத்து வச்சிருங்க" என்றாள். எடுத்து வைக்கச் சொன்னது நான்கே நான்கு முட்டை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் வெட்டியது தவறான இடத்தில். அதே தவறை நான் ஆறு வருடம் செய்திருக்கிறேன்.

கடன் ஏறினால் நம் கை முதலில் போவது அடுப்படிக்குத்தான். தவணையைக் குறைக்க முடியாது, வாடகையைக் குறைக்க முடியாது, குறைத்தால் சத்தம் போடாதது நம் வயிறு ஒன்றுதான். காலையில் டீயும் வர்க்கியும், மத்தியானம் ரசம் சாதம், ராத்திரி மிச்சம் இருந்தால் உண்டு. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கடனை அடைத்ததாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. நம் செக்ஷனில் மத்தியானம் மூன்று மணிக்குத் தலை சுற்றுகிறது என்று உட்காருகிறவர்களை எண்ணிப் பாருங்கள், ஆய்வே வேண்டாம். தலை சுற்றினால் அரை ஷிப்ட் போச்சு. மிச்சம் பிடித்த முட்டைக் காசு அந்த அரை ஷிப்ட்டுக்கு ஈடாகுமா?

அதனால் உங்களுக்குச் சிக்கனம் சொல்லித்தர இதை எழுதவில்லை. சிக்கனத்தில் நம்மை மிஞ்ச யாரும் இல்லை. எங்கே காசு ஒழுகுகிறதோ அங்கே பார்க்காமல், எங்கே நமக்குத் தெம்பு கிடைக்கிறதோ அங்கே வெட்டுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

ஒழுகும் இடம் எது? முதலில் தண்டலைப் பாருங்கள். பத்தாயிரம் என்று பேர். கையில் கொடுப்பது 8,500. வாரம் ஆயிரம் வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். "ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி" என்று நினைக்கிறோம். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஐந்தாவது வாரத்தில் உங்கள் கையில் நிற்கும் தண்டல்காரர் பணம் பாதிகூட இல்லை. கணக்குப் போட்டால் நூறு ரூபாய்க்கு மாதம் பதின்மூன்று ரூபாய் வட்டி. குழு லோன் பெரும்பாலும் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் அளவில் நிற்கிறது. பாங்க்கில் நகையை வைத்தால் அதில் பாதிக்குள் முடிந்துவிடும்.

பத்தாவது வாரம் முடிந்ததும் அதே ஆளிடம் அடுத்த தண்டலை எடுக்கிறோம். வருடத்துக்கு ஐந்து சுற்று. ஐந்து 1,500, ஆக 7,500 ரூபாய். 8,500 ரூபாயைக் கையில் வைத்துச் சுழற்றுவதற்கு வருடம் 7,500 ரூபாய் கொடுக்கிறோம். அந்தத் தங்கச்சி திருப்பிக் கொடுத்த முட்டைகளெல்லாம் இங்கேதான் போகின்றன.

இரண்டாவது இடம் கடை நோட்டு. கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2016 நவம்பரில் பழைய ஐந்நூறு ரூபாய் செல்லாது என்றபோதும், 2020 ஊரடங்கிலும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர் குறைந்தபோதும் நமக்கு அரிசி கொடுத்தது அந்த நோட்டுதான். கம்பெனி ஒன்றரை ஷிப்ட்டை ஒரு ஷிப்ட்டாகக் குறைத்தாலும் குழுக்காரர் தவணையைக் குறைக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர் கடைக்கார அண்ணன். அதை மறந்தால் நாம் நன்றி கெட்டவர்கள்.

ஆனாலும் நோட்டில் வாங்குகிறவளுக்கு விலை கேட்க வாய் வராது. "ஏனுங்கண்ணா, அந்தக் கடையில ரெண்டு ரூபா கம்மியா இருக்குதே" என்று சொல்ல முடியாது. பாக்கி வைத்துவிட்டு வேறு கடைப்பக்கம் போகவும் கால் கூசும். என் பழைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: து.பருப்பு கால், எண்ணெய் பாக்கெட் சின்னது, டீத்தூள் 2, சோப்பு 1, ஷாம்பு 4. மறுநாளும் அதே, அடுத்த நாளும் அதே. கால் கிலோவாகவும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டாகவும் அந்த மாதம் முழுவதும் வாங்கியதைக் கூட்டி, அதே சாமானை மொத்தமாக ரொக்கத்துக்கு வாங்கினால் என்ன ஆகும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வாரத்துக்கு நூற்றைம்பது ரூபாய் இடித்தது. நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பாக்கெட்டின் பின்பக்கம் எத்தனை கிராம் என்று இருக்கும். விலையை அதால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

"மொத்தமா வாங்கக் காசு இருந்தா நாங்க ஏன் நோட்டுல வாங்கறோம்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. தனித்தனியாக நம் யாரிடமும் அந்தக் காசு இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். கடன் வாங்கப் பத்துப் பேர் சேர்கிறோம். ஒருத்தி கட்டாவிட்டால் மீதி ஒன்பது பேர் கட்டுகிறோம். மழையானாலும் காய்ச்சலானாலும் சென்டருக்கு நேரத்துக்கு வந்து உட்காருகிறோம். இத்தனை ஒழுங்கையும் இத்தனை நம்பிக்கையையும் நாம் செலவழிப்பது யாருக்காக? கடன் கொடுத்தவர் பணம் அவருக்குப் பத்திரமாகத் திரும்பிப் போவதற்காக. அதே பத்துப் பேர் நமக்காக ஒரு மூட்டை பருப்பு வாங்க ஒரு நாளாவது கூடினோமா?

நம்மைப் போலத் துணித் தொழிலில் இருந்தவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ராக்டேல் என்று ஒரு நெசவு ஊர். கூலி உயர்வு கேட்டுப் போராடித் தோற்று, மளிகைக் கடைக் கடனிலும் கலப்பட மாவிலும் சிக்கிக் கிடந்தவர்களில் 28 பேர், வாரத்துக்கு இரண்டு மூன்று பென்னியாகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு, 1844 டிசம்பர் 21 அன்று டோட் லேன் என்ற தெருவில் ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. அவர்கள் வைத்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தவை மூன்று: எடை சரியாக இருக்க வேண்டும், கலப்படம் கூடாது, கடன் கிடையாது. உலகத்துக் கூட்டுறவுக் கடைகளுக்கெல்லாம் அது முன்மாதிரி ஆனது. நம் சென்னையிலேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-ல் தொடங்கியது. மாதச் சம்பளக்காரர்கள் சேர்ந்து அரிசி பருப்பு வாங்க ஏற்படுத்திய சங்கம் அது. கூலிக்காரர்களுக்கும் சம்பளக்காரர்களுக்கும் முடிந்தது நமக்கு முடியாதா?

எங்கள் காம்பவுண்டில் ஏழு வீட்டுக்காரர்கள் போன ஆடி மாதம் ஆரம்பித்தோம். பெரிய காரியம் ஒன்றுமில்லை. சனிக்கிழமை ராத்திரி சம்பளம் வந்ததும் ஒவ்வொரு வீடும் ஐந்நூறு ரூபாய் எடுத்து வைக்கும். பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், டீத்தூள், துணி சோப்பு, வெங்காயம், தக்காளி என்று எட்டே பொருள். ஞாயிறு விடிகாலை இரண்டு பேர் டவுன் பஸ்ஸில் தென்னம்பாளையம் போவோம். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. உழவர் சந்தையில் காய், பிறகு மொத்தக் கடையில் மளிகை. தக்காளியைப் பெட்டியாக எடுத்து, திண்ணையில் தராசு வைத்து ஏழு பங்காகப் போடுவோம். அடுத்த வாரம் வேறு இரண்டு பேர் போவார்கள். பில்லைச் சுவரில் ஆணியில் குத்தி வைப்போம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். மூன்றாவது வாரம் ஒரு வீட்டில் காசு இல்லை. "பங்கைக் கொடுங்க, அடுத்த வாரம் தர்றேன்" என்று கேட்டார்கள். கொடுத்தோம். அடுத்த வாரம் இரண்டு வீடு கேட்டது. பொதுப் பணம் காலியாகி, நாங்கள் மறுபடியும் நோட்டுக்குப் போனோம். திண்ணையில் பெரிய சண்டை. அதற்குப் பிறகுதான் ராக்டேல்காரர்கள் ஏன் கடன் கிடையாது என்று முதலிலேயே எழுதி வைத்தார்கள் என்று எனக்குப் புரிந்தது. இப்போது எங்கள் விதி இது: ஐந்நூறு இல்லையா, இருநூறு கொடு, இருநூறுக்கு உண்டான பங்கு வாங்கிக்கொள். யாரையும் ஒதுக்க மாட்டோம், யாருக்கும் கடனும் கொடுக்க மாட்டோம். கசப்பான விதிதான். அது இல்லாவிட்டால் நாங்களும் இன்னொரு தண்டல் ஆகியிருப்போம்.

இதோடு ரேஷனையும் சேர்த்துப் பாருங்கள். அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். நம்மில் தேனி, திண்டுக்கல், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் பலர் அட்டையை ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டு, இங்கே கடையில் அரிசி வாங்குகிறீர்கள். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டு அட்டைக்கு மாநிலத்தின் எந்த நியாய விலைக் கடையிலும் விரல் ரேகை வைத்து வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. பக்கத்து ரூமில் இருக்கும் ஒடிசா, பீகார்க்காரர்களிடம் உணவுப் பாதுகாப்புச் சட்ட அட்டை இருந்தால் அவர்களுக்கும் இங்கேயே தானியம் உண்டு. ஊரில் மாமியாரின் பேரும் அதே அட்டையில் இருந்தால் அவருக்கு உண்டானதைக் கேட்டுப் பேசி முடிவெடுங்கள். கிழவியின் சோற்றில் கை வைக்கச் சொல்லவில்லை. "ஸ்டாக் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் 1967-க்குப் போன் செய்யுங்கள். ஒருத்தியாகப் போனால் திருப்பி அனுப்புவார்கள். ஏழு பேராகப் போய்ப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு அரசுத் தொடக்கப் பள்ளியில் காலைச் சாப்பாடு இருக்கிறது, மத்தியானம் முட்டையோடு சத்துணவு இருக்கிறது. "நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்று அதை வேண்டாமென்று சொல்லாதீர்கள். அது நம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது.

இப்போது மிச்சமான காசு. இதில்தான் நாம் வழக்கமாகச் சறுக்குகிறோம். யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கட்டுகிறோம். யார் அதிக வட்டி வாங்குகிறாரோ அவரை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். குழுத் தவணை எப்போதும்போல் நடக்கட்டும், அதை நிறுத்தினால் பக்கத்து வீட்டுக்காரி தலையில் விழும். தண்டலை முன்கூட்டி அடைத்தாலும் தண்டல்காரர் வட்டியைக் குறைப்பது அரிது. எனவே அதை விட்டு வெளியே வரும் வாசல் பதினோராவது வாரம். அந்த வாரம் புதிதாக எடுக்காமல் நிற்க வேண்டும். அதற்குத் தெம்பு கொடுப்பதுதான் இந்த மளிகைக் காசு. வாரம் 150 மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டால் பத்து வாரத்தில் 1,500. பதினோராவது வாரத்திலிருந்து தண்டலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆயிரத்தை அதே டப்பாவில் போடுங்கள். பதினேழாவது வாரம் முடியும்போது டப்பாவில் 8,500 ரூபாயாவது இருக்கும். அவர் கொடுத்த அதே தொகை, இந்தத் தடவை உங்கள் சொந்தப் பணம். நடுவில் ஒரு காய்ச்சல் செலவு வந்தால் இருபது வாரம் ஆகட்டும், இருபத்திரண்டு வாரம் ஆகட்டும். திசை மாறாமல் இருந்தால் போதும்.

குழு லோனில் உங்களுக்கு இருக்கும் உரிமைகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகளின்படி, வீட்டில் உள்ள எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக் கடன் கொடுக்கக் கூடாது. வீட்டு வருமானம் 20,000 என்றால் தவணைகள் மொத்தம் 10,000-க்கு மேல் போகக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது. கடன் அட்டை நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 எண் இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு 2003-லேயே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்துவிட்டது.

உங்களிடம் இன்னொன்று கேட்கிறேன். கடைசியாகக் கையெழுத்துப் போட்ட படிவத்தில் உங்கள் வீட்டு வருமானம் என்று என்ன எழுதியிருக்கிறது என்று படித்தீர்களா? என் படிவத்தில் நான் சம்பாதிக்காத தொகை எழுதியிருந்தது. "எல்லாருக்கும் இப்படித்தாங்க்கா போடறது" என்றார் படிவம் கொண்டு வந்தவர். கையெழுத்துப் போட்டேன். அந்தப் பாதி வருமானக் காவலை நானே என் கையால் திறந்துவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு குழுவை அடைக்க இன்னொரு குழுவில் சேராதீர்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கிய கடன் இருந்தால் அதையும் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். சண்டை வரும், வரட்டும். ஒரு நாள் சண்டை, ஒளித்து வைத்த கடனைவிட மலிவு.

என் வேண்டுகோள் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை, துணி துவைத்து முடித்தபின், உங்கள் சென்டரில் உட்காரும் அதே பெண்கள் ஒரு திண்ணையில் உட்காருங்கள். ஐந்து வீடு போதும். மூன்று இருந்தாலும் ஆரம்பிக்கலாம். ஆளுக்கு ஒரு தாளில் யாருக்கு எவ்வளவு, நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் வட்டி என்று எழுதுங்கள். எட்டுப் பொருள் பட்டியல் போடுங்கள். அடுத்த சனிக்கிழமைக்கு ஐந்நூறோ இருநூறோ முடிவு செய்யுங்கள். யார் சந்தைக்குப் போவது, பில்லை எங்கே மாட்டுவது, எல்லாம் அன்றைக்கே பேசிவிடுங்கள். பட்டியலில் முதல் வரியாக முட்டையை எழுதுங்கள். கடை நோட்டில் உள்ள பழைய பாக்கியை வாரம் இவ்வளவு என்று சொல்லி, சொன்னபடி கட்டுங்கள். அந்த அண்ணனுக்கும் வீடு இருக்கிறது.

கடனுக்காக ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்க நமக்குத் தைரியம் இருந்தது. சோற்றுக்காகவும் ஒருவருக்கொருவர் நில்லுங்கள். வழி தெரியாவிட்டால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அருள்புரம் பஸ் ஸ்டாப்புக்கு வாருங்கள். கையில் இரண்டு பெரிய பையோடு நாங்கள் நிற்போம். சேர்ந்தே போகலாம்.

இப்படிக்கு,
உங்களோடு குழுவில் கையெழுத்துப் போட்ட ஒருத்தி,
அருள்புரம்.